எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள்

காலை பத்து மணிக்கு அவன் தன் கைத்தொலைபேசியைச் சோயா சோஸ் தகரத்தில் சாய்த்து வைப்பான். சீனாவின் தெற்குக் கரையில் ஏதோ ஓர் ஊரில் அப்போது இரவு பத்து மணி. இங்கே பனிக்காலம் என்றால் அங்கே பதினொன்று. திரையில் ஒரு மேசை விளக்கு, ஒரு பெண்பிள்ளையின் குனிந்த தலை, ஒரு கொப்பி. அவள் படிப்பாள். இவன் இறால் உரிப்பான். இருவரும் கதைப்பதில்லை. முக்கால் மணி நேரம் இப்படியே போகும். பிறகு அவள் நிமிர்ந்து ஒரு சொல் சொல்வாள், இவன் ஒரு சொல் சொல்வான், திரை இருண்டுவிடும். இறால் ஓடுகளை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டு, ஏதோ பெரிய காரியத்தை முடித்தவனைப்போல் கையைக் கழுவுவான்.

எனக்கு அந்தக் காட்சி அருவருப்பாக இருந்தது. அதில் அருவருக்க என்ன இருக்கிறது என்று இப்போது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அன்று நிறையப் பதில்கள் வைத்திருந்தேன். வேலை செய்யும் இடத்தில் குடும்பத்தைக் கொண்டுவந்து விரிக்கிறான். பாசத்தைக் கடை பரப்புகிறான். தானே ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன், பிள்ளையின் படிப்புக்குக் காவல் இருக்கிறான்.

நான் யாழ்ப்பாணத்தில் பெயருள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவன். மொன்றியலுக்கு அகதியாக வந்து, ஒரு தையல் தொழிற்சாலையில் பதினேழு வருடம் பெட்டி அடுக்கினேன். அது மூடப்பட்ட பிறகு, அறுபது கடந்த வயதில், டவுன்டவுனில் இருந்த ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் மரக்கறி வெட்டச் சேர்ந்தேன். அங்கே கோப்பை கழுவிய இரண்டு பேரும் எங்கள் ஆட்கள். அவர்கள் என்னை மாஸ்ரர் என்றார்கள். அவர்களைப் பார்த்து, அங்கே சமையல்காரனாக இருந்த இவனும் என்னை மாஸ்ரர் என்றான். இவனை மற்றச் சீனர்கள் சிஃபு என்பார்கள். அதற்கும் ஆசான் என்றுதான் பொருள் என்று பிறகு அறிந்தேன். ஒரே சமையலறையில் இரண்டு ஆசான்கள் இருந்தோம். அதில் ஒருவனுக்கு வேலை தெரியும்.

அவன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். இதில் அவன் என்றே எழுதுகிறேன். அன்று மனதுக்குள் அப்படித்தான் அழைத்தேன். இன்று திடீரென்று அவர் என்று எழுதினால் அது நடிப்பு. ஆனால் அவன் பேசியதை நல்ல தமிழில் எழுதப்போகிறேன். அவனுடைய உடைந்த ஆங்கிலத்தை அப்படியே எழுதினால், அவனை இன்னொரு தடவை கேலி செய்ததாக முடியும். அது ஏற்கெனவே வேண்டிய அளவு செய்தாயிற்று.

அவன்மேல் எனக்கிருந்த குறைகளை எழுதினால் ஒரு கொப்பி நிறையும். சூப்பைச் சத்தமாக உறிஞ்சுவான். பக்கத்தில் கதிரை கிடந்தாலும் எண்ணெய்த் தகரத்தின்மேல் குந்தியிருந்துதான் சாப்பிடுவான். சட்டைப் பொக்கற்றில் எப்போதும் ஒரு குடும்பப் படம்: மனைவி, மகள், சின்ன மகன். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் முதல் நாளே அதை எடுத்துக் காட்டுவான். எனக்கு மூன்று தடவை காட்டினான். மூன்றாவது தடவை, கண்ணாடி இல்லாமல் எனக்குத் தெரியாது என்று சொன்னேன். கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே படத்தைத் திரும்ப வைத்தான்.

அவன் வேலை தெரிந்தவன் என்பதை யாராலும் மறுக்க முடியாது. அதனால் அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. முழங்காலால் தண்ணீர்க் குழாயைத் தட்டுவான். ஒரு கை இரும்புச் சட்டியைச் சுழற்றும். மறு கையிலிருக்கும் அகப்பை உப்பையும் மாவையும் அவன் பாராமலே அள்ளும். எட்டுத் தட்டுகள் ஒரே நேரத்தில் வெளியே போகும், எட்டும் ஆவி பறக்கப் போகும். என் வகுப்பை நான் ஒருநாளும் அப்படி நடத்தியதில்லை.

நான் வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தின்பதில்லை. இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. மூன்று, நான்கு வெள்ளிக்கிழமைகள் நான் ஊழியர் சாப்பாட்டைத் தொடாமல் இருந்ததைக் கண்டு தானாகவே பிடித்துவிட்டான். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் மூன்று மணிக்குச் சட்டியை இரண்டு தடவை உரஞ்சிக் கழுவி, சோயாக் கட்டியும் கீரையும் வதக்கி, தனிக் கோப்பையில் என் முன்னால் வைப்பான். நான் நன்றி சொல்வேன். அவன் திரும்பியதும் கோப்பை கழுவும் நெடுந்தீவுக்காரர் பக்கம் அதைத் தள்ளிவிடுவேன். அவர் நாற்பது வயது மனுசன், வாய் சும்மா இருக்காது.

"மாஸ்ரர், விரதம் உங்கட, சாப்பாடு என்ர. புண்ணியம் ஆருக்குப் போகுதோ தெரியேல்லை," என்பார், வாய் நிறையக் கீரையோடு.

இவனுக்கு ஒரே ஒரு நோக்கம்தான் இருந்தது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் இங்கே கொண்டுவர வேண்டும். வேலை அனுமதியில் தனியாக வந்தவன். குடும்பத்தை எடுப்பதற்கு முதலில் நிரந்தர வதிவிடம் வேண்டும். கியூபெக்கில் அதற்குப் பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டும். ஒரு தாளில் வினைச்சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தான். முட்டைக்கோசு வெட்டும்போது கத்திக்கு ஒரு சொல்லாக, ஜ சுவி, து ஏ, இல் ஏ என்று வெட்டிக்கொண்டே போவான். உச்சரிப்பைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். நான் சிரித்தேன். முதல் தடவை தோற்றான். இரண்டாம் தடவையும் தோற்றான்.

"மனுசன் நேற்று முழுக்க ஒரு சொல்லும் கதைக்கேல்லை, மாஸ்ரர். பாவம்," என்றார் நெடுந்தீவுக்காரர்.

படிக்காதவனுக்குப் பரீட்சை எதற்கு என்று நான் கேட்டேன். எனக்கு உள்ளே ஒரு சந்தோசம் இருந்தது. ஒரு பரீட்சையில் தோற்றவனைப் பார்த்தால் பழைய ஆசிரியனுக்கு உண்டாகும் சந்தோசம் அது. மற்ற ஆசிரியர்களைப் பற்றித் தெரியாது, எனக்கு உண்டாகும்.

மூன்றாம் தடவை தேறினான். அன்று எள்ளுருண்டை பொரித்து எல்லோருக்கும் கொடுத்தான். மகளுக்கு அடுத்த பிறந்தநாளோடு இருபத்திரண்டு வயது. விண்ணப்பம் போய்ச் சேருகிற நாளில் இருபத்திரண்டு முடிந்துவிட்டால் பிள்ளையைத் தகப்பனோடு சேர்த்து எடுக்க முடியாது. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். கோடை முழுவதும் ஓடியோடிப் பத்திரங்களைச் சேர்த்தான். சீனாவிலிருந்து மொழிபெயர்ப்புகளும் முத்திரையிட்ட சான்றிதழ்களும் வந்துசேர ஓகஸ்ட் பாதி கடந்துவிட்டது.

படிவம் நிரப்புவதில் எனக்கு எங்கள் ஆட்களிடையே பெயர் இருந்தது. அவன் கேட்டபோது உடனே சம்மதித்தேன். உதவி செய்வதில் ஒரு வசதி இருக்கிறது: உதவி கேட்பவன் கீழே நிற்பான்.

ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள், மதியக் கூட்டம் வடிந்த பிறகு, உருக்கு மேசையைத் துடைத்துத் தாள்களை விரித்தோம். மனைவியின் பிறந்த திகதியையும் மகனுடையதையும் சான்றிதழைப் பார்த்து எழுதினேன். மகளுடைய சான்றிதழை எடுத்தபோது அவன் தன் மாவுக் கையை அதன்மேல் வைத்து மறைத்தான்.

"இதை நான் சொல்கிறேன், மாஸ்ரர்," என்றான். "எட்டாம் மாதம், பதினைந்தாம் நாள்."

பிறகு கையிலிருந்து மேசையில் சிந்திய மாவில் விரலால் ஒரு வட்டம் போட்டு, மேலே கூரையைக் காட்டினான். அவள் பிறந்த இரவு இப்படி இருந்தது என்றான். அவன் முகம் பூரித்துப் போயிருந்தது. நான் கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தான். சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பில் செப்டெம்பர் இருபத்தேழு என்று தெளிவாக இருந்தது.

நான் எழுத வேண்டிய இடம் இதுதான். அந்தத் திகதியை நான் கண்டேன். கண்ணாடி போட்டிருந்தேன்.

தினமும் காலை பத்து மணிக்கு மகள் முகத்தைப் பார்த்து உருகுகிறவன், அவள் எந்த மாதத்தில் பிறந்தாள் என்றுகூட அறியாதவன்: இந்த எண்ணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐந்து வருடமாக அவனைப் பற்றி நான் நினைத்துவந்தது எல்லாம் சரியென்று ஒரு தாளில் முத்திரையோடு வந்ததைப்போல இருந்தது. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நான் கேட்கவில்லை. தகப்பன் சொன்னதை எழுதுவோம், பிழை என்றால் அலுவலகம் கேட்கட்டும், அப்போது இவன் விழிப்பதைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கட்டத்தில் ஓகஸ்ட் பதினைந்து என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். அவன் அதன் கீழே ஒப்பமிட்டான்.

தாள்களைக் கட்டாக ஓர் உறையில் போட்டு ஒட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போது நாங்கள் வில்லரேயில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். சாப்பாட்டு மேசையில் கட்டை வைத்துவிட்டு, பகிடியாக மனைவியிடம் சொன்னேன்.

"மகளிலை உயிரை விடுகிற மாதிரி நடிப்பு. பிறந்தநாள் தெரியாது ஆளுக்கு. எட்டாம் மாசம் பதினைஞ்சாம் நாள் எண்டுறான், சான்றிதழிலை செப்டெம்பர்."

அவள் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எட்டாம் மாசம் எண்டால் ஆருடைய எட்டாம் மாசம்?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? ஓகஸ்ட்தானே."

"நான் பிறந்தது கார்த்திகையிலை ரோகிணி. அம்மா இருக்கும்வரைக்கும் ரோகிணிக்குத்தான் எனக்கு அர்ச்சனை செய்தவ. பாஸ்போட்டிலை இருக்கிற திகதியைக் கேட்டிருந்தால் அவவுக்குத் தெரியாது. அதுக்காக அம்மா என்னிலை நடிச்சவவோ?" அவள் காயைக் கீழே வைத்தாள். "அந்தாளுக்கும் அப்பிடி ஒரு கணக்கு இருக்கும். நாளைக்கு ஒருக்கால் கேட்டுப்போட்டு அனுப்புங்கோவன், இஞ்சாருங்கோ."

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. கணிதம் படித்தவனுக்கு அது தெரிய இரண்டு நொடிகூட வேண்டாம். பூரணை நாள், மாவில் போட்ட வட்டம், அவர்களுடைய சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதத்தின் நடு. எல்லாம் பொருந்தியது. ஆனால் நாளைக்குக் கட்டைப் பிரித்து, அவனிடம் போய்க் கேட்டு, திருத்தி எழுதுவதென்றால், அவன் சரி, நான் பிழை என்று ஆகிவிடும். கோப்பை கழுவுகிறவர்களும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்தநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில், மருந்துக்கடையின் பின்பக்கத்துத் தபால் கருமபீடத்தில் கட்டைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்தேன். மனைவி மாலையில் கேட்டாள். எல்லாம் சரி என்றேன்.

நவம்பரில் கடிதம் வந்தது. அவன் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்தான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். உறையை நான்தான் கிழித்தேன். படிவத்தில் கொடுத்த பிறந்த திகதியின்படி, விண்ணப்பம் கிடைத்த நாளில் மகளுக்கு இருபத்திரண்டு வயது முடிந்துவிட்டது. ஆகவே அவளைத் தங்கிவாழும் பிள்ளையாகக் கணக்கில் எடுக்க முடியாது. அவ்வளவுதான். கட்டு அங்கே செப்டெம்பர் முதல் வாரத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தது. சான்றிதழில் உள்ள திகதியின்படி அன்று அவளுக்கு இன்னும் மூன்று வாரம் மிச்சம் இருந்தது.

அப்போதும் வழி இருந்தது. படிவம் நிரப்பியவர் திகதியைப் பிழையாக எழுதிவிட்டார், இணைக்கப்பட்ட சான்றிதழைப் பாருங்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். அவர்கள் ஏற்றிருப்பார்களா என்பது வேறு விடயம். எழுதியிருக்கலாம். அந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வசனம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

"என்ன சொல்கிறார்கள், மாஸ்ரர்?"

"மகளுக்கு வயது கடந்துவிட்டது. விண்ணப்பம் பிந்திப்போய்விட்டது. மனைவியும் மகனும் வரலாம்."

அவன் அகப்பையைக் கீழே வைத்தான். "நிலா நாளுக்கு முன்னமே அனுப்பினோமே?"

"அனுப்பிய நாள் கணக்கில்லை. அவர்கள் கட்டைப் பிரித்துப் பார்க்கிற நாள்தான் கணக்கு," என்றேன்.

இது பொய். யோசித்துச் சொன்ன பொய்கூட அல்ல. வாயைத் திறந்தேன், தயாராக இருந்தது. அவன் நம்பினான். எத்தனை நாளால் பிந்தியது என்று கேட்டான். கொஞ்ச நாள்தான் என்றேன். அவன் விரல்களை மடித்து எண்ணினான். முதல் பரீட்சை, இரண்டாம் பரீட்சை, நடுவில் காத்திருந்த மாதங்கள்.

"நான் மந்தம், மாஸ்ரர்," என்றான். "இரண்டு தடவை தோற்றேன். முதல் தடவையே தேறியிருந்தால் அவள் வந்திருப்பாள்."

நான் இல்லையென்று சொல்லவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைக்கிறேன் என்று சொல்லி என் பையில் போட்டுக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

மறுநாள் பத்து மணிக்குத் தொலைபேசி வழக்கம்போலத் தகரத்தில் சாய்ந்திருந்தது. அன்று அவன் கொஞ்ச நேரம் பேசினான். அவள் தலை நிமிர்ந்திருந்தது. அழவில்லை. ஏதோ ஒரு கேள்வி கேட்டாள். அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னான். எந்த மொழியென்றாலும் அந்தச் சைகை விளங்கும். பிறகு அவள் குனிந்து படிக்கத் தொடங்கினாள். அவன் இறாலை எடுத்தான். மூன்று அடி தள்ளி நின்று நான் கரட் சீவினேன், ஒரே அளவான துண்டுகளாக.

பனி கரைவதற்குள் முழங்கால் வலி என்று சொல்லி அந்த வேலையை விட்டேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவன் கீரையை வதக்கி வைத்தான். அன்றைக்கும் அதை நான் சாப்பிடவில்லை.

அதன்பிறகு வந்த செய்திகள் எல்லாம் நெடுந்தீவுக்காரர் மூலம். கோயிலில் காணும்போது நான் கேட்காமலே சொல்வார்.

"சிஃபு வில்லரேயிலை சின்னக் கடையொண்டு போட்டிட்டார், மாஸ்ரர். மனுசியும் மகனும் வந்திட்டினம். மகன் பிரெஞ்சு கதைச்சா இஞ்ச பிறந்தவன் மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மனுசிதான் ஆளோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லையாம். நீ ஒழுங்காப் பிரெஞ்சு படிச்சிருந்தால் பெட்டை இப்ப இஞ்ச எண்டு, ஒரு கதை. சாப்பாட்டு மேசையிலை தொடங்கினால் முடியாதாம். அந்தாளும் வாய் திறக்கிறேல்லை. தான்தான் பிழை எண்டு நினைக்குது."

பாவம் என்றேன். எவ்வளவு சுலபமான சொல். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. அவள் என்னிடம் அந்தக் கட்டைப் பற்றி மறுபடி கேட்டதும் இல்லை. தெரிந்துதான் கேட்காமல் விட்டாள் என்று நினைக்கிறேன். நாற்பத்தைந்து வருடம் என்னோடு இருந்தவள். நான் எதைச் செய்வேன், எதைச் செய்யமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டாள். நான் இப்போது ரொக்ஸ்பரோவில் மகன் வீட்டின் நிலவறையில் இருக்கிறேன். இந்த வருடம் அவளுடைய திவசத்துக்கு ஐயர் நாள் குறித்து அனுப்பினார். மகன் கீழே இறங்கி வந்தான். கையில் தொலைபேசி, நாட்காட்டி திறந்திருந்தது.

"அப்பா, போன வருசம் மார்ச்சிலை. இந்த வருசம் பெப்ரவரி எண்டுறார். அம்மா செத்த நாள் ஒண்டுதானே, ஏன் மாறிக்கொண்டே இருக்குது? நான் லீவு போடவேணும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காத காலத்தில் ஒரு கேள்வி. கதிரையை இழுத்து இருக்கச் சொன்னேன். செத்த நாள் என்பது திகதி அல்ல, திதி. சந்திரன் வளர்ந்து தேய்கிற கணக்கு அது. சந்திர மாதத்துக்கு இருபத்தொன்பதரை நாள், அதனால் இங்கிலீசு நாட்காட்டியில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பிழை என்று சொல்பவன்தான் முட்டாள். ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். நடுவில் பூரணைக்கு ஒரு வட்டம் போட்டேன்.

வட்டத்தைப் போட்டு முடித்ததும் பேச்சு நின்றுவிட்டது. மகன் நாட்காட்டியில் நாளைக் குறித்துக்கொண்டான். பிறகு, சரி அப்பா, பெப்ரவரிக்கே போடுறன் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.

திவசம் முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, படிவத்தின் பிரதியையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். இரண்டையும் எட்டு வருடமாக வைத்திருந்தேன். ஆசிரியன் தாளை எறியமாட்டான். ரயிலும் மெற்றோவும் ஏறி, பனிக்கட்டியில் சறுக்காமல் இரண்டு தெரு நடந்து, பத்து மணிக்குச் சற்று முன்னர் அந்தக் கடைக்குள் போனேன். நான்கு கதிரைகள், ஒரு கண்ணாடிப் பெட்டி, பின்னால் திறந்த சமையலறை. அவனுடைய மகன் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தான். தகப்பன் மெலிந்து, தலை வெளுத்துப் போயிருந்தான். என்னைக் கண்டதும், மாஸ்ரர் என்று கூப்பிட்டுக்கொண்டு ஈரக் கையோடு வெளியே வந்தான். மனைவியிடம் ஏதோ சொன்னான். அவள் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். என்னைப் பற்றி நல்லதாகக் கேள்விப்பட்டவள் வைக்கும் விதத்தில் வைத்தாள்.

நான் தேநீரைத் தொடாமல், தாள்கள் இரண்டையும் கண்ணாடிப் பெட்டிமேல் விரித்தேன்.

"இந்தத் திகதியைப் பார்," என்றேன். "நீ சொன்னது உங்கள் மாதம். நான் அதை இந்த ஊர் மாதமாக எழுதினேன். அதனால்தான் வயது கடந்தது. விண்ணப்பம் நேரத்துக்குத்தான் போனது. நீ பிந்தவில்லை."

அவன் விரலை வைத்து இலக்கங்களைப் படித்தான். இரண்டு தடவை படித்தான். இப்போது அவனுக்குப் பிரெஞ்சு என்னைவிட நன்றாக வரும். கடிதத்தையும் தானே படித்தான். மனைவி அவன் தோளுக்குப் பின்னால் நின்று என்ன என்று கேட்டாள். அவன் உள்ளே போனான். தகரத்தில் சாய்ந்திருந்த தொலைபேசியை எடுத்துவந்து என் பக்கம் திருப்பி வைத்தான்.

"எனக்கு வேண்டாம்," என்றான். "அவளுக்குச் சொல்."

அதே மேசை விளக்கு. அவள் இப்போது முப்பதை நெருங்குகிற பெண். அந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறாள் என்று நெடுந்தீவுக்காரர் சொல்லியிருந்தார். முன்னால் ஒரு அடுக்குக் கொப்பிகள், கையில் சிவப்புப் பேனை. கனடாவுக்கென்று படித்த ஆங்கிலம். நான் பேசும் ஆங்கிலத்தைவிடச் சுத்தமாக இருந்தது. நான் யார் என்று சொன்னேன். தெரியும் மாஸ்ரர், அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். திகதி மாறிப்போனதைச் சொன்னேன்.

"அப்பா உங்களுக்கு எந்த நாள் என்று சொன்னார்?" என்று கேட்டாள்.

"எட்டாம் மாதம், பதினைந்தாம் நாள்."

"அது சரியான நாள்."

"ஓம். அவர் சரியாகத்தான் சொன்னார்."

"என்னுடைய சான்றிதழ் அப்போது உங்களிடம் இருந்ததா?"

அவன் கையால் மறைத்திருந்தான் என்று சொல்லலாம். அது முழுப் பொய்யும் அல்ல. வீட்டிலிருந்து புறப்படும்போதும், ரயிலிலும், பிழை நடந்துவிட்டது என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"இருந்தது," என்றேன்.

"அதிலிருந்த திகதியைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

அவள் பேனையை மூடினாள். ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அதற்கு ரயிலில் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். நன்றாக அமைந்த பதில். அவள் கேட்கவில்லை. வகுப்பில் பார்த்து எழுதிய பையனை நான் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. பேசிப் பிரயோசனம் இல்லாதவனைப் பார்க்கும் பார்வை. அதை முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து கண்டேன்.

"அப்பாவிடம் கொடுங்கள்," என்றாள்.

அவன் தொலைபேசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். மனைவியும் போனாள். மகள் அங்கிருந்து சொல்வதை இருவரும் தலைகளைச் சேர்த்து வைத்துக் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மனைவி அவன் பக்கம் திரும்பி ஏதோ சிறிதாகச் சொன்னாள். அவன் அதைவிடச் சிறிதாகப் பதில் சொன்னான். கை ஈரமாக இருந்தபடியால் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். அவள் தன் சட்டைக் கையை இழுத்து, அவன் துடைக்காமல் விட்ட இடத்தைத் துடைத்துவிட்டாள்.

பிறகு அவள் முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் குடிக்காமல் வைத்திருந்த தேநீரை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அவன் உள்ளேயிருந்து ஒரு வசனம் சொன்னான்.

"அந்தத் தாள் இரண்டையும் வைத்துவிட்டுப் போ."

மாஸ்ரர் என்ற சொல் அதில் இல்லை. வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே தொப்பியைச் சரிசெய்வதுபோலக் கடையின் கண்ணாடிச் சன்னலுக்கு எதிரே சற்று நின்றேன். தொலைபேசி மறுபடி சோயா சோஸ் தகரத்தில் சாய்ந்திருந்தது. அவன் முன்னால் இறால் கிடந்தது, ஒன்றையும் உரிக்கவில்லை. அங்கே மகள் முன்னால் கொப்பிகள் கிடந்திருக்கும். அவன் பேசிக்கொண்டிருந்தான், நிறுத்தினான், கேட்டான், மறுபடி பேசினான். ஐந்து வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்தும் அவன் இவ்வளவு பேசி நான் கண்டதில்லை. குளிர் தாங்கவில்லை. மெற்றோவுக்கு நடந்தேன்.